சத்யம் வழக்கைப் படிப்பது எப்படி? மேலாண்மை மாணவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

வணிக அறமும் நிறுவனச் சட்டமும் படிக்கத் தொடங்கும் எம்.பி.ஏ. மாணவர்களிடம் மென்பொருள் நிறுவனமான சத்யம் கம்ப்யூட்டர்ஸ் பற்றி எழுதச் சொன்னால், பெரும்பாலோர் 2009 ஜனவரி 7-இல் தொடங்குகிறார்கள். கணக்கில் மோசடி நடந்ததை நிறுவனர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதி ஒப்புக்கொண்ட நாள் அது. திருடியவனே வந்து ஒப்புக்கொண்ட பிறகு, அது திருட்டு என்று சொல்வதற்குப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பு, படித்தவர்களும் பண்பாளர்களுமாக நிறைந்திருந்த ஓர் இயக்குநர் குழுக் கூட்டத்தில் எல்லோரும் ஒரு தீர்மானத்துக்குத் தலையசைத்தார்கள். நாம் படிக்க வேண்டியது அந்தக் கூட்டத்தைத்தான்.

படி 1: சரியான நாளைப் பிடியுங்கள்

தாளின் மேல் 2008 டிசம்பர் 16 என்று எழுதிக்கொள்ளுங்கள். நிலத் தொழில் நடத்திய மேடாஸ் பிராப்பர்ட்டீஸ் நிறுவனத்தை முழுமையாகவும், கட்டுமானத் தொழில் நடத்திய மேடாஸ் இன்ஃப்ரா நிறுவனத்தில் 51 விழுக்காட்டையும் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கலாம் என்று ஹைதராபாத்தில் சத்யத்தின் இயக்குநர் குழு அன்று ஒப்புதல் தந்தது. அதற்குப் பின் நடந்த எதையும் இப்போதைக்கு எழுதாதீர்கள். மோசடி உங்களுக்குத் தெரியும். அந்த அறையில் இருந்த பெரும்பாலோருக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு யோசிக்கப் பழகுங்கள்.

படி 2: யாருக்கு யார் உறவு என்று கோடு போடுங்கள்

ஒரு பக்கம் சத்யம், மறுபக்கம் இரண்டு மேடாஸ் நிறுவனங்கள். மேடாஸ் நிறுவனங்களை நடத்தியவர்கள் ராஜுவின் மகன்கள். சத்யத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் பின்னிருந்து படித்தால் மேடாஸ் என்று வரும்; உறவை யாரும் மறைக்கவில்லை. ஆகவே வாங்குபவரும் விற்பவரும் ஒரே குடும்பம்.

இனி பணம் யாருடையது என்று பாருங்கள். அப்போது சத்யத்தில் நிறுவனர் குடும்பத்தின் பங்கு 9 விழுக்காட்டுக்கும் குறைவு. குடும்பத்து நிறுவனங்களுக்காகச் சத்யம் கொடுக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 91 ரூபாய்க்கு மேல் மற்ற பங்குதாரர்களுடையது. இந்த ஒரு கணக்கைப் போட்டுவிட்டால் வழக்கின் பாதி விளங்கிவிடும். அவசரப்படாமல் இங்கே சற்று நேரம் செலவிடுங்கள்.

படி 3: சட்டத்தை இரண்டு முறை படியுங்கள்

முதலில் அன்றைய சட்டம். 1956-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் நடப்பில் இருந்த காலம் அது. பங்குதாரர்களைக் கேட்காமல் குழுவே முடிவெடுக்கலாம் என்ற நிலைப்பாட்டுடன்தான் அறிவிப்பு வெளியானது.

பிறகு இன்றைய சட்டம். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்று பிரிவுகளை மூலத்திலேயே படியுங்கள். வழிகாட்டி நூல்களின் சுருக்கம் போதாது. பிரிவு 166 இயக்குநரின் கடமைகளைச் சொல்கிறது: நல்லெண்ணம், உரிய கவனம், சுயமான தீர்ப்பு, தன் நலன் நிறுவன நலனோடு மோதும் இடத்தில் ஈடுபடாமை. பிரிவு 188 தொடர்புடைய தரப்பினருடனான (இயக்குநரின் உறவினர், அவர்களின் நிறுவனம் போன்றோருடனான) பரிவர்த்தனைகளுக்கானது. பிரிவு 149 சுயேச்சை இயக்குநர்கள், அதாவது நிறுவனர் குடும்பத்தையோ நிர்வாகத்தையோ சாராத இயக்குநர்கள் பற்றியது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமென்றால் பங்குச்சந்தைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2015 விதிமுறைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தகைய பெரிய பரிவர்த்தனை இன்று பங்குதாரர் வாக்கெடுப்புக்குச் செல்ல வேண்டும். தொடர்புடைய தரப்பினர் அதற்கு ஆதரவாக வாக்களிக்க முடியாது.

படி 4: அறக் கேள்வியைத் தனியாகக் கேளுங்கள்

"சட்டம் அனுமதித்தது, எனவே சரி" என்று எழுதும் விடைத்தாள்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. முன்னாள் அமைச்சரவைச் செயலர், ஹார்வர்டு பேராசிரியர், மேலாண்மைக் கல்லூரித் தலைவர் என்று அந்தக் குழுவில் இருந்தவர்கள் விதிகள் தெரியாதவர்கள் அல்லர். அதே ஆண்டு செப்டம்பரில்தான் நிறுவன ஆளுகைக்காகச் சத்யம் ஒரு விருதும் பெற்றிருந்தது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது: விற்பவர் முன்பின் தெரியாதவராக இருந்திருந்தால், ஒரு மென்பொருள் நிறுவனம் இந்த விலைக்கு நிலமும் கட்டுமானத் தொழிலும் வாங்கியிருக்குமா?

முதலீட்டாளர்கள் இதைத்தான் கேட்டார்கள். நியூயார்க் சந்தையில் சத்யத்தின் பங்கு ஒரே நாளில் பாதிக்கும் கீழே சரிந்தது. சில மணி நேரத்திலேயே திட்டம் கைவிடப்பட்டது.

படி 5: இப்போது ராஜுவின் ஜனவரி 7 கடிதத்தைத் திறந்து கணக்குப் போடுங்கள்

ஏட்டில் ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லாத பணம். கழித்துப் பாருங்கள், மிஞ்சுவது 321 கோடி. 2008 செப்டம்பர் காலாண்டின் வருவாய் 2,700 கோடி என்று காட்டப்பட்டது, உண்மையில் 2,112 கோடி. செயல்பாட்டு லாபம் காட்டப்பட்டது 649 கோடி, உண்மையில் 61 கோடி. வருவாயில் லாபம் எத்தனை விழுக்காடு என்று பார்த்தால், 24 வெறும் 3 ஆகிறது. இல்லாத சொத்துக்குப் பதிலாக உண்மையான சொத்தை வைக்க எடுத்த கடைசி முயற்சியே மேடாஸ் பேரம் என்று ராஜுவே அதில் எழுதியிருக்கிறார்.

வங்கி இருப்பு என்பது வங்கியிடமே நேரடியாகக் கேட்டு உறுதி செய்யக்கூடியது. தணிக்கையாளரின் பொறுப்பு பற்றிய பத்தியை இங்கிருந்து தொடங்குங்கள். 2015 ஏப்ரலில் சிறப்பு நீதிமன்றம் ராஜுவுக்கு 7 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தபோது, தண்டிக்கப்பட்ட பத்துப் பேரில் தணிக்கையாளர்களும் இருந்தார்கள்.

படி 6: நாற்காலியில் உட்கார்ந்து எழுதுங்கள்

"நிறுவனங்கள் நேர்மையாக இருக்க வேண்டும்" என்று கட்டுரையை முடிக்காதீர்கள். டிசம்பர் 16 கூட்டத்தில் நீங்கள் ஒரு சுயேச்சை இயக்குநர். என்ன ஆவணம் கேட்பீர்கள், மதிப்பீட்டை யார் செய்ய வேண்டும் என்பீர்கள், எத்தனை நாள் அவகாசம் கோருவீர்கள்? ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். 2013 சட்டத்தின் நான்காவது அட்டவணைப்படி, சுயேச்சை இயக்குநர் தன் கவலை தீராவிட்டால் அது கூட்டக் குறிப்பேட்டில் பதிவாகும்படி வலியுறுத்த வேண்டும். அந்தப் பதிவு எப்படி இருக்கும் என்பதையும் உங்கள் சொற்களில், இரண்டே வாக்கியங்களில் எழுதிவிடுங்கள்.

அன்று அந்த அறையில் கேள்விகள் எழாமல் இல்லை. சுயேச்சை இயக்குநர் மங்களம் சீனிவாசன் சில நாட்களில் பதவி விலகினார். எதிர்த்து வாக்களிக்கத் தவறியதற்குத் தார்மிகப் பொறுப்பேற்பதாகத் தன் விலகல் கடிதத்தில் அவர் குறிப்பிட்டிருந்தார்.