சிங்கப்பூருக்குப் புதிதாக வருபவர்களே, டியூட்டி ஃப்ரீ சிகரெட் வேண்டாம்

அடுத்த மாதம் என் சித்தப்பா மகன் இங்கே வேலைக்கு வருகிறான். போன வாரம் போனில் பேசும்போது, "அண்ணே, வரும்போது ஏர்போர்ட்ல ஒனக்கு ஒரு கார்ட்டன் சிகரெட் வாங்கிட்டு வரட்டா? டியூட்டி ஃப்ரீல சல்லிசா கெடைக்குமாம்லா" என்று கேட்டான். பாசத்தில்தான் கேட்டான். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இதே நினைப்பில்தான் 2024 பொங்கல் முடிந்து திரும்பி வரும்போது நான் மாட்டினேன். அவனுக்கு அன்று ராத்திரி ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்னேன். சொல்ல ஆள் இல்லாமல் வருகிற மற்ற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

வழக்கமான காரியங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஐபிஏ கடிதத்தை, அதாவது வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதத்தை, இரண்டு பிரதி எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், போனில் மட்டும் வைத்தால் சார்ஜ் இறங்கும் நேரத்தில் கழுத்தை அறுக்கும். எஸ்ஜி அரைவல் கார்டை (சிங்கப்பூர் வருகை அட்டை) வந்து இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் காசு கிடையாது, காசு கேட்கிற தளம் எதுவானாலும் போலி. வந்ததும் மருத்துவப் பரிசோதனை, கைரேகை, பிறகு வேலை அனுமதி அட்டை. இவற்றையெல்லாம் உங்கள் முதலாளியோ ஏஜெண்டோ கூட இருந்து முடித்துவிடுவார்கள், கவலைப்பட ஒன்றுமில்லை. சிகரெட் விஷயத்தை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். நான் ஊருக்குக் கிளம்பும்போது விடுதியில் என் அறையிலிருந்த மூத்தவர் ஒருவர், "தம்பி, திரும்பும்போது ஒரு கார்ட்டன் போட்டுட்டு வா, இங்க விக்கிற விலைக்கு வாங்கி முடியல" என்றார். நான் புதிதாக வந்தபோது எனக்குச் சோறு போட்டவர், தட்ட முடியவில்லை. புறப்படுகிற விமான நிலையத்தில் டியூட்டி ஃப்ரீ கடையில் பாஸ்போர்ட்டும் போர்டிங் பாஸும் காட்டி, ஒரு கார்ட்டன் வாங்கினேன். பத்துப் பாக்கெட், 200 சிகரெட். பில் போட்டு, சீல் வைத்த பையில் கொடுத்தார்கள். அரசாங்கமே பார்த்துக் கொடுத்த பொருள் போல இருந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இங்கே இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு, வரி கட்ட எதுவும் இல்லாதவர்கள் போகிற பச்சை வழியில் நடந்தேன். என்னை ஒதுங்கச் சொல்லிப் பையை ஸ்கேனரில் விட்டார்கள். நான் பயப்படவே இல்லை. பில்லை எடுத்து நானே நீட்டினேன், அதில் டியூட்டி ஃப்ரீ என்று கொட்டை எழுத்தில் இருந்ததே. அங்கிருந்த அதிகாரி நம் தமிழ் அக்கா. பில்லைப் பார்த்துவிட்டு, "தம்பி, டியூட்டி ஃப்ரீன்னா இன்னும் யாருக்கும் வரி கட்டலைன்னு அர்த்தம். அதைத்தான் எங்கிட்ட காட்டுறீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருப்பாரோ.

இந்த ஒரு விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். டியூட்டி ஃப்ரீ கடை என்றால், நீங்கள் விட்டுப் போகிற நாடு அந்தப் பொருளுக்கு வரி வாங்கவில்லை, அவ்வளவுதான். போய்ச் சேருகிற நாடு விட்டுக்கொடுக்குமா என்பது அந்த நாட்டுச் சட்டம். இந்தியாவுக்குள் வரும்போது 100 சிகரெட் வரை வரியில்லாமல் விடுவார்கள். வளைகுடாவில் இருந்து வந்த மாமாக்கள் கார்ட்டன் கொண்டுவந்து ஊரில் பங்கு வைத்ததை நாமெல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள். அதனால் எல்லா நாட்டிலும் ஏதோ ஓர் அளவு இருக்கும் என்று மனதில் பதிந்துவிட்டது. சிங்கப்பூரில் அப்படி ஓர் அளவே கிடையாது. மதுவுக்குச் சலுகை உண்டு, அதற்கும் நிபந்தனைகள் இருக்கின்றன. சிகரெட்டுக்கு ஒன்றுகூட இல்லை. பாக்கெட்டைப் பிரித்து இரண்டை ஊதிவிட்டு மீதி 18 சட்டைப் பையில் இருந்தாலும், அந்த 18-க்கும் வரி உண்டு.

கணக்கையும் பாருங்கள். 2023 பிப்ரவரியில் வரியைக் கூட்டினார்கள், நான் மாட்டிய நேரத்தில் ஒரு சிகரெட்டுக்குத் தீர்வை 49.1 காசு. ஒரு கார்ட்டனுக்கு 98 வெள்ளி 20 காசு (வெள்ளி என்றால் இங்கே சிங்கப்பூர் டாலர், காசு என்றால் சென்ட்). அப்புறம் பொருளின் விலையையும் தீர்வையையும் கூட்டி அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. கார்ட்டன் 40 வெள்ளி என்று வைத்தால் மொத்த வரி 110 வெள்ளியைத் தாண்டும். அதாவது நான் "சல்லிசாக" வாங்கிய பொருளுக்கு நேர்மையாக வரி கட்டியிருந்தால், இங்கே கடையில் வாங்குகிற விலைக்குக் கிட்டத்தட்ட வந்திருக்கும். லாபமே இல்லாத ஒரு காரியத்துக்காக அவ்வளவு பெரிய தொல்லை. இந்தத் தொகை வரவு செலவுத் திட்டத்தில் ஏறக்கூடியது, அதனால் கிளம்பும் முன் சுங்கத் துறையின் இணையப் பக்கத்தில் அன்றைய கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நீதிமன்றம் வரை போகாமல் அபராதத்தோடு முடிந்தது. சிகரெட்டையும் எடுத்துக்கொண்டார்கள். அந்த மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியவில்லை. தங்கச்சிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. அம்மாவிடம் சம்பளம் தாமதமாகிறது என்று பொய் சொன்னேன். அபராதத்தை விட அந்தப் பொய்தான் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

என் அம்மா தென்காசிப் பக்கத்தில் பீடி சுற்றுகிறவர். மடியில் தட்டை வைத்து, இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் சுற்றினால்தான் ஒரு நாள் கூலி. அந்தத் தூள் நெடியில்தான் நான் பாடம் படித்தேன். கொப்பி எழுதும்போது பக்கத்தில் இருந்து கட்டு எண்ணிக் கொடுப்பேன். புகையிலையில் வந்த காசில்தான் நான் டிப்ளமா முடித்தேன். அதே புகையிலைக்காக அவருக்கு அனுப்ப வேண்டிய பணத்தை நான் ஒரு கவுண்டரில் கட்டிவிட்டு வந்தேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எப்படியோ பையில் சிகரெட் இருந்துவிட்டது, அல்லது யாரோ கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று வையுங்கள். பச்சை வழியில் காலை வைக்காதீர்கள். சிவப்பு வழியில் போய், "என்னிடம் இத்தனை இருக்கிறது" என்று நீங்களாகச் சொல்லி வரியைக் கட்டுங்கள். சுங்கத் துறையின் செயலியில் முன்கூட்டியே கட்டவும் வசதி இருக்கிறது. அவர்கள் நிறுத்திக் கேட்பதற்கு முன் நீங்கள் சொன்னால் அது வரி, கேட்ட பிறகு சொன்னால் அது குற்றம். தெரியாது என்று சொல்வதெல்லாம் அங்கே எடுபடாது, நான் சொல்லிப் பார்த்தவன். இன்னும் நல்லது, ஊரில் விமானம் ஏறும் முன்பே வழியனுப்ப வந்தவர்களிடம் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வருவது.

ஹான்ஸ், குட்கா, கைனி, ஜர்தா போடுகிற பழக்கம் இருப்பவர்கள் கவனியுங்கள். அவற்றுக்கு வரி கட்டவும் வழியில்லை, 2016 ஆகஸ்டிலிருந்து முழுத் தடை. ஒரு பொட்டலம்கூட வேண்டாம். நம்மவர்கள் சிலர் துணிக்குள் சுருட்டி வைத்து வருகிறார்கள், ஸ்கேனருக்குத் துணி ஒரு பொருட்டே இல்லை. மின்சிகரெட்டும் அப்படித்தான். இந்தியாவில் 2019-லேயே தடை செய்தார்கள், ஆனால் ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கே 2018 பிப்ரவரியிலிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பரில் இன்னும் இறுக்கினார்கள், பெரியவர்களுக்கு முதல் தடவையே 700 வெள்ளி. வெளிநாட்டு ஊழியர் திரும்பத் திரும்ப மாட்டினால் வேலை அனுமதி போய், ஊருக்கு அனுப்பப்பட்டு, மறுபடி நுழையவே முடியாமல் போகலாம். ஏஜெண்டுக்கு நிலத்தை அடகு வைத்துக் கொடுத்த பணத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வந்த பிறகு இரண்டாவது பொறி இருக்கிறது, இது முதலாவதை விடக் கொடியது. கடைக்குப் போனால் சிகரெட் கண்ணிலேயே படாது. 2017 முதல் மூடிய அலமாரிக்குள்தான் வைக்க வேண்டும். கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள், 21 வயது ஆகாதவருக்குத் தரமாட்டார்கள். ஊர்ப் பெட்டிக்கடையில் போல ஒத்தை சிகரெட் வாங்கி, தொங்குகிற கயிற்று நெருப்பில் பற்ற வைப்பதெல்லாம் மறந்துவிடுங்கள், முழுப் பாக்கெட்தான். 2020 ஜூலையிலிருந்து எல்லா நிறுவனத்துப் பாக்கெட்டும் ஒரே மங்கிய பழுப்பு நிறம், முக்கால்வாசிக்குப் புண்ணும் புற்றுமான படம். விலை 14 வெள்ளிக்கு மேல். அதில் பெரும்பகுதி தீர்வை மட்டுமே. நாள் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்து மலைத்துப்போய் நிற்கும்போதுதான் ஒருவன் வருவான். "அண்ணே, பாதி விலைக்கு இருக்கு" என்பான். நம் மொழியிலேயே பேசுவான்.

அது வரி கட்டாத கள்ளச் சிகரெட். விற்பவன் மட்டும்தான் குற்றவாளி என்று நினைக்காதீர்கள். வாங்குவது, வைத்திருப்பது, கொண்டுபோய்க் கொடுப்பது, உங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்ள இடம் தருவது, எல்லாமே குற்றம். ஏய்த்த வரியைப் போல 40 மடங்கு வரை அபராதம், 6 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. முறையாக வரி கட்டிய சரக்கை அடையாளம் காண 2009-லிருந்து ஒவ்வொரு சிகரெட்டிலும் எஸ்டிபிசி (சிங்கப்பூரில் தீர்வை கட்டிய சிகரெட் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சடிக்க வைத்தார்கள். உங்கள் கையில் இருப்பது எது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள்.

இதைவிட மோசமானது, "ஒரு ராத்திரி வேலை, லாரியில இருந்து பெட்டி இறக்கணும், கையில காசு" என்று கூப்பிடுவது. பெட்டியில் என்ன என்று சொல்லமாட்டான். உங்கள் அனுமதி அட்டையில் இருக்கிற முதலாளியைத் தவிர வேறு யாருக்கு வேலை செய்தாலும் அதுவே தனிக் குற்றம், அதற்கு மேல் பெட்டியில் சிகரெட்டும் இருந்தால் ஜெயில்தான். சரக்கின் சொந்தக்காரன் எங்கோ இருப்பான், இறக்கிக்கொண்டிருந்த நம் பையன்தான் அங்கே நிற்பான். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. நம் மக்களின் அவசரத்தையும் கடனையும் தெரிந்துகொண்டே கூப்பிடுகிறார்கள்.

எங்கே புகைபிடிக்கலாம், எங்கே கூடாது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்கின் கீழ்த்தளம், தாழ்வாரம், படிக்கட்டு, கூரை போட்ட நடைபாதை, பேருந்து நிறுத்தம், அதைச் சுற்றி 5 மீட்டர், எங்கும் கூடாது. 2022 ஜூலையிலிருந்து பூங்காக்களிலும் கூடாது. ஆர்ச்சர்ட் ரோடு 2019-லிருந்தே புகையில்லா வட்டாரம், ஒதுக்கிய இடங்களில் மட்டும்தான் பிடிக்கலாம். மீறினால் 200 வெள்ளி, நீதிமன்றம் போனால் 1,000 வரை. துண்டைக் கீழே போட்டால் அது குப்பை போட்ட கணக்கு, முதல் தடவை 300 வெள்ளி. ஊரில் செருப்பால் நசுக்கிவிட்டு நடப்பது நமக்குக் கை வந்த பழக்கம், அதுதான் பலரை மாட்டிவிடுகிறது. மஞ்சள் கோடு போட்ட இடமோ, மேலே சாம்பல் தட்டு வைத்த குப்பைத் தொட்டியோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விடுதியில் அதற்கென்று ஒரு மூலை இருக்கும், முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மூலையில்தான் என் முதல் ஆறு மாதமும் கழிந்தது என்று சொல்லலாம். வேலை முடிந்து வந்து, எல்லாரும் அங்கே நின்று, ஊர்க் கதை பேசிக்கொண்டே ஒன்று பற்ற வைப்போம். தனிமைக்கு அது மருந்து மாதிரி இருந்தது. அதனால் விடுங்கள் என்று நான் லேசாகச் சொல்லமாட்டேன். ஆனால் நான் விட்டேன். அபராதம் கட்டிய மாதத்தில் குறைத்தேன், அடுத்த ஆண்டு நிறுத்தினேன். சுகாதார மேம்பாட்டு வாரியம் இதற்கென்று 28 நாள் திட்டம் நடத்துகிறது, காசு இல்லை. நிக்கோட்டின் சூயிங்கம் மருந்தகத்தில் கேட்டால் மருந்தாளுநர் தருவார். இங்கே சாதாரண சூயிங்கம் விற்கத் தடை இருக்கிறது, மருத்துவச் சூயிங்கத்துக்கு 2004-ல் இப்படி வழி திறந்தார்கள். ஊரிலிருந்து பை நிறைய எடுத்து வராதீர்கள், அதிலும் கேள்வி வரும். விட்ட பிறகும் அந்த மூலைக்குப் போய் நிற்கிறேன், டீ கிளாஸோடு. கதை பேச சிகரெட் தேவைப்படவில்லை.

என் தம்பியின் பையில் என்ன இருக்க வேண்டும் என்று நேற்று அம்மாவோடு பேசி முடிவு செய்தோம். கருப்பட்டி இரண்டு கிலோ, நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு டப்பா, அப்பளம், என் பழைய சால்வை. சிகரெட் வாங்கி வரச் சொன்ன அந்த மூத்தவருக்கும் கருப்பட்டியில் பங்கு உண்டு. அபராதத்தில் பாதியை அவர் மூன்று தவணையாக என் கையில் திணித்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.