தன்பாலீர்ப்புப் பாத்திரங்கள்: எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

2002 மே மாதம் 'பஃபி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் டாரா என்ற பெண், பிரிந்திருந்த காதலி வில்லோவோடு மறுபடி சேர்ந்த கையோடு, ஜன்னலைத் துளைத்து வந்த குண்டுக்குப் பலியானாள். சுட்டவன் குறிவைத்தது வேறொருத்தியை. 2016 மார்ச் 3 அன்று 'தி 100' தொடரில் லெக்ஸா என்ற படைத்தலைவி, காதலி கிளார்க்கோடு முதன்முதலாகக் கூடிய சில நிமிடங்களில் குண்டடி பட்டுச் செத்தாள். அந்தக் குண்டும் வேறொருத்திக்கு வைத்த குறிதான். இடையில் 14 ஆண்டுகள். லெக்ஸாவின் சாவைக் கண்ட பார்வையாளர்கள் கொதித்துப் போனார்கள். வாரக்கணக்கில் எதிர்ப்பு நடந்தது. தன்பாலீர்ப்பு (தம் பாலினத்தவரையே விரும்பும்) இளைஞர்களின் தற்கொலையைத் தடுக்க உழைக்கும் ஓர் அமைப்புக்கு அதே ரசிகர்கள் பெருந்தொகை திரட்டிக் கொடுத்தார்கள். தொடரின் தலைமை எழுத்தாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

"கதையில் யாரும் சாகக் கூடாதா?" என்று அப்போது பலர் கேட்டார்கள். தாராளமாகச் சாகலாம். ஆனால் தன்பாலீர்ப்புப் பாத்திரத்தைச் சந்திக்கும் வாசகர், அதற்கு முன் படித்த, பார்த்த அத்தனை பேரையும் கூடவே அழைத்துக்கொண்டுதான் வருகிறார். அந்த நினைவு எழுதுபவருக்கு இல்லாமல் போவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

சாவைக் கையாளும்போது

இந்த நினைவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1930இல் எழுதப்பட்டு 1934 முதல் கண்டிப்பாக அமலான ஹாலிவுட் தணிக்கை விதிகள், தன்பாலீர்ப்பைப் 'பாலியல் பிறழ்வு' என்று சொல்லி, அதன் சாயல்கூடத் திரையில் வரக் கூடாது என்றன. 1961இல் கொஞ்சம் தளர்த்தினார்கள். 1968இல்தான் விதிகள் மொத்தமாகப் போயின. மலிவு விலை நாவல்களிலும் இதே கதைதான். இரண்டு பெண்களின் காதலைச் சொன்ன 'ஸ்பிரிங் ஃபயர்' 1952இல் வந்தபோது, முடிவு சோகமாக இருந்தே ஆக வேண்டும் என்று பதிப்பாளர் நிபந்தனை போட்டார். இல்லாவிட்டால் அஞ்சல் துறை பிரதிகளைப் பறிமுதல் செய்யும் என்ற பயம். ஈ. எம். ஃபார்ஸ்டர் தம் 'மாரிஸ்' நாவலை 1913-14இலேயே எழுதிவிட்டார். இரண்டு ஆண்களும் சேர்ந்து வாழ்வதாக முடித்திருந்தார். அது அச்சேறியது 1971இல், அவர் இறந்த பிறகு. ஆக, பல பத்தாண்டுகளாக இந்தப் பாத்திரங்கள் செத்தது கதைக்காக மட்டும் இல்லை, விதிகளுக்காகவும்தான். வாசகர் மனத்தில் அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

பாத்திரத்தைக் கொல்வதென்று முடிவு செய்துவிட்டால், எழுதுவதற்கு முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். கதையில் தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் எத்தனை பேர்? ஒரே ஒருவர் இருந்து அவரும் போய்விட்டால், கதையின் உலகத்தில் அப்படிப்பட்டவர்களுக்கு இடமே இல்லை என்றாகிவிடுகிறது. அடுத்து, அவர்களுடைய மிக மகிழ்ச்சியான காட்சிக்கும் சாவுக்கும் இடையே எத்தனை பக்கம்? கூடலும் சாவும் ஒரே அத்தியாயத்தில் வந்தால், நீங்கள் என்ன நினைத்து எழுதியிருந்தாலும் படிப்பவருக்கு அது தண்டனைதான். மூன்றாவது, சாவு யார் முடிவால் நேர்கிறது? குறி தப்பிய குண்டு அந்தப் பாத்திரத்திடமிருந்து கடைசிச் செயலையும் பிடுங்கிவிடுகிறது. கடைசியாக, அந்தச் சாவை வைத்து யாருடைய கதை நகர்கிறது? இன்னொருவர் பழிவாங்கக் கிளம்புவதற்காக மட்டும் ஒருவர் சாகிறார் என்றால், அவர் பாத்திரமே இல்லை, தீக்குச்சி.

இதற்கு நேர் எதிரான உதாரணம் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' தொடரின் மூன்றாவது எபிசோட், 2023 ஜனவரியில் வந்தது. நோய்த்தொற்றால் நாகரிகம் சிதைந்த உலகில் வாழும் பில், ஃபிராங்க் என்ற காதலர்கள் இருவருமே சாகிறார்கள். ஆனாலும் பார்வையாளர்கள் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். காரணம், சாவுக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு முழு வாழ்க்கை கிடைக்கிறது. ஃபிராங்க் ஒரு துப்பாக்கியைக் கொடுத்து ரகசியமாக ஸ்ட்ராபெரி விதைகள் வாங்கி வளர்க்கிறான். பழுத்ததும் பில்லைக் கூட்டிவந்து காட்டுகிறான். வாயில் போட்ட பில் குழந்தைபோலச் சிரிக்கிறான். ஆண்டுகள் போகின்றன, சண்டை வருகிறது, முடி நரைக்கிறது, நோய் வருகிறது. முடிவை இருவரும் தாங்களே எடுக்கிறார்கள். தொடருக்கு மூலமான, 2013இல் வந்த வீடியோ விளையாட்டில் ஃபிராங்க் தூக்கில் தொங்கிக் கிடப்பான், பில்லை வெறுப்பதாகச் சீட்டு எழுதி வைத்திருப்பான். அதே இரண்டு பேர், இரண்டிலும் சாவு உண்டு. அதற்கு முன்னால் எத்தனை நாள் வாழ விட்டோம் என்பதுதான் வேறுபாடு.

'அவர்' என்ற ஒளிவிடம்

தமிழில் எழுதுபவர்களுக்கென்றே ஒரு சபலம் உண்டு. 'அவர்', 'காதலர்', 'வந்தார்' என்று எழுதிவிட்டால் ஆணா பெண்ணா என்று தெரியாது. கதை முழுக்க இப்படி மறைத்துக் கொண்டுபோய்க் கடைசி வரியில் "அவர் பெயர் கார்த்திக்" என்று போட்டு வாசகரைத் திடுக்கிட வைக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். இரண்டு காரணங்கள்.

முதலாவது, தொழில்நுட்பக் காரணம். 24 வயது இளைஞன் எல்லாரையும் 'வந்தான், போனாள்' என்று சொல்லிக்கொண்டு, தன் வயதுக் காதலருக்கு மட்டும் 'வந்தார்' என்றால் மூன்றாம் பத்தியிலேயே குட்டு உடைந்துவிடும். அதை மறைக்க 'வந்த ஆள்', 'சொன்னது கேட்டது' என்று வளைத்து எழுத ஆரம்பிப்பீர்கள். நடை நொண்டும். இரண்டாவது காரணம் முக்கியமானது: ட்விஸ்ட் என்பது வாசகர் எதிர்பார்க்காத ஒன்று. தன்பாலீர்ப்பை ட்விஸ்டாக வைத்தால், அதை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள், அது இயல்பில்லாதது என்று நீங்களே சொன்னதாகிவிடுகிறது. மறைப்பதற்குச் செலவிட்ட உழைப்பில் அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் ஒரு காட்சிகூட எழுத முடியாமல் போயிருக்கும். முதல் பக்கத்திலேயே 'அவன்' என்று எழுதுங்கள். கதைக்கு வேறு இழுவிசை தேடுங்கள்.

விளிப்பையும் கவனிக்க வேண்டும். ஆண்-பெண் காதல் கதையில் 'நீங்க' என்பது 'நீ' ஆகும் இடம் ஒரு மைல்கல். இரண்டு நண்பர்களோ ஏற்கெனவே 'வாடா, போடா'வில் இருப்பார்கள். நெருக்கம் கூடியதைக் காட்ட அந்த ஏணி இங்கே இல்லை. நல்ல எழுத்து எதிர்த்திசையில் போகும்: ஒருநாள் 'டா' தானாக உதிர்ந்து, பெயர் மட்டும் மிஞ்சும். "இருடா" என்பவன் "இரு, கார்த்திக்" என்கிறான். இப்படியொரு சொல் மாற்றம், பக்கம் பக்கமான மனவோட்டத்தைவிட அதிகம் சொல்லிவிடும்.

சொல் தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'ஓரினச்சேர்க்கை' என்பதில் உள்ள 'சேர்க்கை' உடலுறவைச் சொல்கிறது. அந்தச் சொல்லால் ஒருவரைக் குறிப்பிட்டதுமே வாசகர் கண்ணில் முதலில் படுவது படுக்கைதான். 'தன்பாலீர்ப்பு' ஈர்ப்பைச் சொல்கிறது. கதைசொல்லியின் குரலில் இரண்டாவதையே வையுங்கள். பாத்திரங்கள் பேசும்போது அந்த ஆள் என்ன சொல்வாரோ அதைச் சொல்லட்டும், கொச்சையாகவே இருந்தாலும் சரி. கே ஆணையும் (ஆணை விரும்பும் ஆணையும்) திருநங்கையையும் ஒன்றாகக் குழப்புவதுதான் மன்னிக்கவே முடியாத பிழை. யாரை விரும்புகிறோம் என்பது வேறு, நாம் யார் என்பது வேறு.

வெட்டி எறியக்கூடிய காட்சி

பெரிய வணிகப் படங்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு இது. 2019இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில், வெற்றிக் கொண்டாட்டத்துக்கு நடுவே இரண்டு பெண்கள் முத்தமிட்டுக்கொள்வார்கள். கண் சிமிட்டினால் போய்விடும். சிங்கப்பூரில் அதை வெட்டிவிட்டுத் திரையிட்டார்கள். கதை ஓர் இம்மிகூடக் குறையவில்லை. வெட்ட வசதியாக எழுதப்பட்ட காட்சியை முன்கூட்டியே பெருமையாக விளம்பரம் செய்தால், எதிர்ப்பவர்கள் முழுப் படத்தையும் எதிர்ப்பார்கள். ஆவலோடு வந்தவர்களும் ஏமாந்து திரும்புவார்கள்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஊடகங்களில் தன்பாலீர்ப்பாளர் சித்தரிப்பைக் கண்காணிக்கும் அமெரிக்க அமைப்பான கிளாட், 2013இல் 'விட்டோ ரூசோ சோதனை' என்று ஒன்றை அறிவித்தது. அப்படிப்பட்டவர் என்று அடையாளம் தெரியும் ஒரு பாத்திரமாவது இருக்க வேண்டும். அந்த அடையாளம் மட்டுமே அவருடைய முழுக் குணமாக இருக்கக் கூடாது. அவரை எடுத்துவிட்டால் கதை ஆட்டம் காண வேண்டும். மூன்றாவதைக் கையாலேயே செய்து பார்க்கலாம். கைப்பிரதியின் நகலில் அந்தப் பாத்திரம் வரும் அத்தனை காட்சியையும் நீக்கி, முன்பு படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். எங்கும் தட்டாமல் அவர் படித்து முடித்தால், அந்தப் பாத்திரம் இன்னும் பிறக்கவே இல்லை. இது குறைந்தபட்சத் தேர்வுதான். இதில் தேறியும் மோசமாக எழுதப்பட்ட பாத்திரங்கள் நிறைய உண்டு.

கதைக்கு வெளியே அறிவிப்பதும் இந்த வகைதான். ஏழு ஹாரி பாட்டர் நாவல்களும் வெளியான பிறகு, 2007 அக்டோபரில் ஒரு வாசகர் கூட்டத்தில்தான் அவற்றில் வரும் தலைமையாசிரியர் டம்பிள்டோர் தன்பாலீர்ப்பாளர் என்று ஆசிரியர் சொன்னார். நாவல்களில் ஓரிடத்திலும் அது வெளிப்படையாக இல்லை. பக்கத்தில் இல்லாததைப் பேட்டியில் சேர்க்க முடியாது.

யாருக்குத் தெரியும்?

தன் ஈர்ப்பை வெளிப்படுத்துவதை ஒரே ஒரு பெரிய காட்சியாக எழுதுவது வழக்கம்: அழுகை, அறை, அணைப்பு. உண்மையில் அது முடிவதே இல்லை. புது வேலை, புது வீடு, புது மருத்துவர் என்று ஒவ்வோர் இடத்திலும் சொல்வதா வேண்டாமா என்று மறுபடி முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

எழுத உட்காரும் முன் ஒரு கட்டம் போடுங்கள். இடப்பக்கம் பாத்திரங்களின் பெயர், மேலே அத்தியாய எண்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கில் ஒன்று: தெரியும், தெரியாது, சந்தேகம், தெரிந்தும் தெரியாததுபோல். இந்தக் கட்டம் இல்லாமல் எழுதினால் 4ஆம் அத்தியாயத்தில் அம்மாவுக்குத் தெரிந்த விஷயத்தை 9ஆம் அத்தியாயத்தில் தங்கை புதிதாகப் போட்டு உடைப்பாள். தொடர்கதையில் இந்தப் பிழை அடிக்கடி நேர்கிறது. நான்காவது நிலைதான் இருப்பதிலேயே வளமானது. எல்லாம் தெரிந்த அப்பா "உன் ஃப்ரெண்ட் வரலையா?" என்று கேட்கும்போது, 'ஃப்ரெண்ட்' என்ற சொல்லுக்கு முன்னால் விழும் அந்த அரை நொடியில் ஒரு குடும்பமே இருக்கிறது. எடுத்த எடுப்பில் வீட்டைவிட்டுத் துரத்துவதையும் கட்டிப்பிடித்து ஏற்றுக்கொள்வதையும் மட்டுமே எழுதுபவர் இதை இழந்துவிடுகிறார்.

வாசனையும் வில்லனும்

தணிக்கைக் காலத்தில் நேரடியாகச் சொல்ல முடியாததால் குறிப்புகளால் சொன்னார்கள். 1941இல் வந்த 'தி மால்டீஸ் ஃபால்கன்' படத்தில் கெய்ரோ என்ற ஆளின் முகவரி அட்டையில் கார்டீனியா பூவின் வாசனை என்பாள் துப்பறிவாளனின் செயலாளர். அவ்வளவுதான், அரங்குக்குப் புரிந்துவிடும். தடை போய்ப் பல காலம் ஆகியும் இந்தச் சுருக்கெழுத்து போகவில்லை. நளினமான கை, மெல்லிய குரல், மிகையான உடை இருந்தால் ஒன்று கோமாளி, இல்லையென்றால் வில்லன்.

நளினமான ஆண்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கதையிலிருந்து துரத்துவது தீர்வாகாது. நளினத்தையே சாட்சியமாகவோ சிரிப்பாகவோ பயன்படுத்துவதுதான் பிழை. சிரிப்பு யாரைப் பார்த்து எழுகிறது என்று கேளுங்கள். அந்தப் பாத்திரம் சொன்ன நகைச்சுவைக்கு மற்றவர்கள் சிரித்தால் நல்லது. அவர் நடந்து வந்ததற்கே சிரித்தால், அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள். அதே சமயம், வசைக்குப் பயந்து அப்பழுக்கில்லாத புனிதராகவும் ஆக்க வேண்டாம். பொறாமை, சோம்பல், கஞ்சத்தனம் எல்லாம் அவருக்கும் உண்டு.

எதிர்வினையைத் தவறாகப் படிப்பது

இரண்டு ஆண் பாத்திரங்களின் நட்பில் காதலைக் காண்பது வாசகர்களின் பழைய பழக்கம். 1970களிலேயே ஸ்டார் டிரெக் என்ற விண்வெளித் தொடரின் ரசிகைகள், அதன் நாயகர்களான கிர்க்கையும் ஸ்பாக்கையும் இணைத்துக் கதைகள் எழுதிச் சுற்றுக்கு விட்டார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் காதலாக எழுதும் எண்ணமே இல்லாமல், ட்ரெய்லரிலும் பேட்டியிலும் மட்டும் ஆசை காட்டி ஆள் சேர்ப்பது தூண்டில் போடுவது. அதைத்தான் குயர்பெயிட்டிங் என்கிறார்கள். இந்தக் குற்றச்சாட்டைக் கதைகள் மீது மட்டும் வைக்க வேண்டும், ஆட்கள் மீது வைக்கக் கூடாது. 2022இல் 'ஹார்ட்ஸ்டாப்பர்' தொடரில் நடித்த 18 வயது நடிகரைக் குயர்பெயிட்டிங் செய்கிறார் என்று துரத்தித் துரத்திக் கேட்டு, கடைசியில் அவர் விரும்பாத நேரத்தில் தன் ஈர்ப்பைப் பற்றிச் சொல்ல வைத்தார்கள். தொடரின் மையமே, ஒருவர் தனக்கான நேரத்தில் சொல்லலாம் என்பதுதான்.

நட்சத்திர மதிப்பீடுகளையும் அப்படியே நம்ப வேண்டாம். மேலே சொன்ன பில்-ஃபிராங்க் எபிசோடுக்கு ஒற்றை நட்சத்திரங்கள் திரண்டு வந்து விழுந்தன. அதே எபிசோடுக்காக பில்லாக நடித்த நிக் ஆஃபர்மன் எம்மி விருது வாங்கினார். சராசரியைப் பார்க்காதீர்கள், பரவலைப் பாருங்கள். கீழ்க்கோடியில் மட்டும் ஒரு குவியல் தனியாக நின்றால், அது பார்த்தவர்களின் கருத்தாக இருக்க வாய்ப்பு குறைவு. இரண்டாவது வாரம் எழுதப்படும் நீண்ட விமர்சனங்களில்தான் சரக்கு இருக்கும்.

அமைதியாக இருக்கும் வாசகரையும் மறந்துவிடக் கூடாது. 2006இல் எட்வர்ட் ஷியாப்பாவும் சக ஆய்வாளர்களும் தன்பாலீர்ப்பாளர் ஒருவர் நாயகனாக வரும் 'வில் அண்ட் கிரேஸ்' நகைச்சுவைத் தொடரின் பார்வையாளர்களை ஆராய்ந்தார்கள். தொடரை அதிகம் பார்த்தவர்களிடம் தன்பாலீர்ப்பாளர் மீதான வெறுப்பு குறைவாக இருந்தது. நேர் வாழ்க்கையில் அப்படிப்பட்டவர்களை அதிகம் அறியாதவர்களிடம்தான் இந்தத் தொடர்பு மிக அழுத்தமாகத் தெரிந்தது. அந்த வாசகருக்கு நீங்கள் எழுதும் பாத்திரமே முதல் அறிமுகமாக இருக்கலாம்.

அச்சுக்கு முன், அந்த வாழ்க்கையை வாழ்ந்த அனுபவம் உள்ளவரிடம் படிக்கக் கொடுப்பது நல்ல பழக்கம். அதிலும் ஒரு தவறு நடக்கிறது: காதல் காட்சிகள் இருக்கும் 20 பக்கத்தை மட்டும் கத்தரித்து அனுப்புகிறார்கள். முழுப் பிரதியையும் கொடுங்கள். "இது சரியா?" என்று கேட்காமல், "எந்தப் பக்கத்தில் கீழே வைக்கத் தோன்றியது?" என்று கேளுங்கள். குறைந்தது இரண்டு பேரிடம் கேளுங்கள், அவர்கள் வேறு வேறு வயதுக்காரர்களாக இருக்கட்டும். அவர்கள் உழைப்புக்குப் பணம் கொடுங்கள். இதையெல்லாம் முதல் வரைவு முடிந்ததும் செய்யுங்கள். மெய்ப்புத் திருத்தம் நடக்கும்போது கேட்டால், பதில் என்னவாக இருந்தாலும் மாற்றுவதற்கு நேரம் இருக்காது.