தனியாளாகப் பிரேக் ஆயில் மாற்றிய கதை

கோவை அருகே செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஐந்தாவது சுற்று. வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தேன். பஞ்சு மூட்டைபோல் அமுங்கித் தரையைத் தொட்டது. கியரைக் குறைத்து எப்படியோ தப்பினேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாக நானே ஓட்டிச்செல்லும் பழைய மாருதி 800 அது. உடன்வர மெக்கானிக் கிடையாது. ஸ்டெப்னி, ஜாக்கி, பின் இருக்கை மூன்றையும் இறக்கி வைத்தால் பந்தயக் கார் தயார்.

பட்டறையில் பெரிய பிரேக் டிஸ்க் மாட்டச் சொல்லி, கார் வாங்கிய விலையில் பாதியைக் கேட்டார்கள். ஆனால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடு தேயவில்லை. சூடு ஆறியதும் மிதி ஓரளவு திரும்பியிருந்தது. சந்தேகம் ஆயில்மேல் விழுந்தது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். என் காரில் இருந்த டாட் 3 என்ற தர ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறினால் 140 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. என்னுடையதோ மூன்று பாலக்காட்டு மழைக்காலம் கண்ட ஆயில்!

டாட் 4 வாங்கினேன். புதிதில் 230 டிகிரி. பழைய ஆயிலை வெளியே தள்ளப் பிரேக்கை மிதித்துக் கொடுக்க ஆளில்லை. அப்பாவை ஒருமுறை உட்காரவைத்து, இருவரும் போட்ட சண்டையே போதும். மீன்தொட்டிக் கடையில் ஒரு மீட்டர் குழாய் வாங்கி, ஒரு முனையை, சக்கரத்தருகே ஆயிலை வெளியேற்றும் திருகான பிளீடர் நிப்பிளில் செருகி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலில் அமிழ்த்தினேன். நிப்பிளைச் சற்றே தளர்த்தி மெதுவாக மிதித்தால் பழைய ஆயிலும் குமிழியும் வெளியேறும். காற்று திரும்பி நுழையாது. மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான இடது பின்சக்கரத்தில் தொடங்கினேன். சிலிண்டர் மேலுள்ள தொட்டியில் ஆயில் வற்றவே கூடாது. சிந்திய இடத்தில் பெயின்ட் உரிந்தது, அது என் அவசரம்.

அடுத்த முறை எட்டுச் சுற்று ஓட்டினேன். மிதி கல்லாக நின்றது.