ரெஸ்யூமேயில் காணாமல் போன இரண்டு எழுத்துகள்

கணக்காளர் வேலைக்கு இரண்டு மாதமாக விண்ணப்பித்துக்கொண்டே இருந்தேன். ஐந்து வருட அனுபவம், டாலி, ஜிஎஸ்டி எல்லாம் கைவசம். ஒரு போன்கூட வரவில்லை.

முதலில் சம்பள எதிர்பார்ப்பைக் குறைத்துப் போட்டேன். அப்புறம் ஒருவரிடம் பணம் கொடுத்து ரெஸ்யூமேயை அழகாக மாற்றி எழுதி வாங்கினேன். தினம் பத்து இடத்துக்கு அனுப்பியும் பார்த்தேன். எதுவும் நகரவில்லை.

ஒரு நிறுவனத்தின் தளத்தில் பிடிஎஃப்பை ஏற்றியதும், விவரங்கள் தானாகவே கட்டங்களில் நிரம்பின. வழக்கமாக அதைப் பார்க்காமல் அடுத்த பக்கம் போய்விடுவேன். அன்று நின்று படித்தேன். 'ரீகன்சிலியேஷன்', 'டாக்ஸேஷன்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்த சொற்களின் நடுவே ஓட்டை. டி (t), ஐ (i) என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்து வரும் இடமெல்லாம் வெற்றிடம்!

பிடிஎஃப்பைத் திறந்தால் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. மொத்தத்தையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினேன். அங்கேயும் அதே ஓட்டை. நான் வைத்திருந்த காலிப்ரி எழுத்துரு அந்த இரண்டு எழுத்தையும் ஒட்டி ஒரே வடிவமாக்கிவிடுகிறது. என் பிடிஎஃப்பிலிருந்து அதைக் கணினியால் எழுத்தாகப் படிக்க முடியவில்லை. வேலை விளம்பரத்தில் கேட்ட சொற்களே என் ரெஸ்யூமேயில் இல்லாத மாதிரி ஆகிவிட்டது.

எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றி, புதிதாக பிடிஎஃப் எடுத்து, மறுபடி நோட்பேடில் ஒட்டினேன். எல்லாச் சொல்லும் முழுசாக வந்தன. அதை அனுப்பிய அடுத்த வாரமே இரண்டு நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. பெரிய நிம்மதி. இப்போது ஒவ்வொரு முறை திருத்தியதும் நோட்பேடில் ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.