நான்கு கட்டில் கால்களும் ஒரே அச்சாக

கடைசலில், அதாவது கட்டையை இயந்திரத்தில் சுழலவிட்டு உளியால் வடிவமைப்பதில், முதல் கால் அழகாக வந்துவிடும். மற்ற மூன்றும் அதைப் போலவே அமைவதில்தான் பாடு. ஒவ்வொரு முறையும் டேப் பிடித்து அளக்காதீர்கள். மெல்லிய பிளைவுட் பட்டை ஒன்றின் விளிம்பில் குமிழ், பள்ளம், வளையம் தொடங்கும் இடங்களில் 'வி' வடிவச் சிறு வெட்டுகள் போடுங்கள். உருளையாக்கிய கட்டை சுழலும்போது பட்டையை உளித்தாங்கியின் மேல் வைத்து, வெட்டுகளில் பென்சிலை நிறுத்தினால் கோடுகள் நொடியில் விழும். இந்தக் கோடுகளே முக்கியம்: விட்டத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினால் கண் பொறுத்துக்கொள்ளும், வளையம் இடம் மாறினால் பொறுக்காது.

விட்டம் அளக்கும் கருவியான காலிப்பர் ஒன்றையே ஒவ்வொரு விட்டத்துக்கும் திருத்தித் திருத்திப் பிடிப்பதில் பிழை நுழைகிறது. விட்டத்துக்கு ஒன்றாகத் தனித்தனிக் காலிப்பர்களை, உப்புத்தாள் தேய்ப்புக்காக 1 மி.மீ. கூட்டிப் பூட்டிவிடுங்கள், விலை குறைந்தவையே போதும். முடித்த முதல் காலை இயந்திரத்துக்குப் பின்னால் கண்ணில் படும்படி பொருத்தி வையுங்கள்.