புகையை விடவைக்கும் பேச்சு: நர்சுகளுக்குப் பயிற்சி கொடுப்பது எப்படி?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நோயாளியிடம் பேச நர்சுக்கு மூன்று நிமிடம் கிடைத்தாலே பெரிது. அந்த மூன்று நிமிடத்துக்குத்தான் நாம் பயிற்சி கொடுக்க வேண்டும். புகை கெடுதல் என்பது நர்சுகளுக்குத் தெரியும். நுரையீரல் படங்களைத் திரையில் ஓட்டியே நேரத்தைத் தீர்த்துவிடாதீர்கள். இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவரை நோயாளியாக நடிக்கச் சொல்லி, வாய்விட்டுப் பேசவையுங்கள்.

முதல் படி: கேட்பது

"ஏன்யா இப்படிப் பிடிச்சு உடம்பைக் கெடுத்துக்கிறீங்க?" என்று தொடங்கினால் அடுத்த முறை அவர் பொய்தான் சொல்வார். பிபி பார்க்கும்போது பேசுகிற அதே குரலில், "ஐயா, பீடி, சிகரெட், வாயில அடக்குற புகையிலை, ஏதாவது பழக்கம் இருக்கா?" என்று கேட்கப் பழக்குங்கள். அந்தக் குரல் வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லவையுங்கள். பயிற்சியில் அதிக நேரம் இதற்கே போகட்டும்.

இரண்டாம் படி: விடச் சொல்வது

ஒரே வாக்கியம் போதும், ஆனால் அது அவருடைய நோயைத் தொட வேண்டும். சர்க்கரை நோயாளியிடம், "கால் புண் சீக்கிரம் ஆறணும்னா பீடியை விடணும் ஐயா, நாங்க கூட இருக்கோம்" என்றால் காதில் ஏறும்.

மூன்றாம் படி: தயாரா என்று பார்ப்பது

"விட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்கட்டும். இல்லை என்றால் மல்லுக்கு நிற்க வேண்டாம். எது தடுக்கிறது என்று கேட்டுவிட்டு, அடுத்த வருகையில் மறுபடி பேச வேண்டும். சரி என்றால் இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதி குறிக்கலாம். அப்புறம் ஒரு முக்கியமான கேள்வி: "காலையில எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் பீடி?" அரை மணி நேரத்துக்குள் என்றால், புகையிலையில் இருந்து அடிமையாக்கும் நிகோடினின் பிடி பலமானது. மருத்துவர் பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்குப் பதில் 4 மில்லிகிராம் நிகோடின் கம் (புகை ஏக்கத்தைத் தணிக்க மெல்லும் சூயிங் கம்) எழுதுவார்.

நான்காம் படி: உதவுவது

கம் சரிப்படவில்லை என்பவர்களில் பலர் அதைத் தவறாக மென்றவர்கள். பயிற்சியில் சாதாரண சூயிங் கம் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள். மெதுவாக மெல்ல வேண்டும். காரம்போல் சுர்ரென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். சுர்ரென்பது அடங்கியதும் மறுபடி மெல்லலாம். இப்படியே அரை மணி நேரம். மடமடவென்று மென்று விழுங்கினால் விக்கலும் குமட்டலும் வரும். மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி கூடாது. நம் ஊரில் டீயும் தம்மும் சேர்ந்தே போவதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஏக்கம் வந்தால் சில நிமிடங்களில் தணியும். அதுவரை தண்ணீர் குடிப்பது, மூச்சை ஆழமாக இழுத்து விடுவது, இடத்தை விட்டு நகர்வது என்று சமாளிக்கலாம்.

ஐந்தாம் படி: மறுபடி சந்திப்பது

விட்ட முதல் வாரம்தான் கடுமையானது, அதனால் அந்த வாரமே ஒரு போன். ஒரு மாதத்துக்குள் இன்னொன்று. 1800-11-2356 என்ற தேசிய இலவச உதவி எண்ணையும் சீட்டில் எழுதித் தரட்டும். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும் எண்தான்.

கடைசியாக ஒரு நடிப்பு கட்டாயம்: நோயாளி தலை குனிந்து, "மறுபடி பிடிச்சிட்டேம்மா" என்கிறார். நர்ஸ் முகம் சுளிக்காமல், "எப்போ, யார்கூட இருந்தப்போ?" என்று கேட்டு, புதுத் தேதி குறிக்க வேண்டும்.