பைபாஸ் போட்டாச்சு, எடுக்கப்போவது யார்? மெஷின் பாதுகாப்பில் வழக்கமாக நடக்கும் தவறுகள்

மெஷின் ஓட மறுக்கிறது, கதவு ஸ்விட்ச் சரியாக உட்காரவில்லை, லைன் நின்று பத்து நிமிஷம் ஆச்சு, சூப்பர்வைசர் பின்னாலேயே நிற்கிறார். மெயின்டனன்ஸ் ஆள் பேனலைத் திறந்து இரண்டு டெர்மினலுக்கு நடுவே ஒரு துண்டு வயரைச் சொருகுகிறார், மெஷின் ஓடிவிடுகிறது; பாதுகாப்பு ஸ்விட்சை இப்படி ஏமாற்றி ஓட்டுவதுதான் பைபாஸ். "சாயங்காலம் எடுத்துடலாம்" என்கிறார். எத்தனை சாயங்காலம் போனாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

அப்படிச் சொருகிய ஜம்பர் வயருக்குக் கெடு கிடையாது. பவரை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் போகாது, ஷிஃப்ட் மாறினாலும் போகாது. பேனலுக்குள் இருக்கும் மற்ற வயர்களின் நிறத்திலேயே இருந்துவிட்டால், கதவைத் திறந்ததும் மெஷின் நின்றுவிடும் என்று நம்பி நைட் ஷிஃப்ட்காரர் கையை விடுவார். கதவு திறந்தால் மெஷினை நிறுத்தும் பாதுகாப்பு ரிலேக்கு கதவு ஸ்விட்சிலிருந்து இரண்டு சேனல், அதாவது இரண்டு தனி வயர் வழி, வருவதே ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றட்டும் என்றுதான். ஒன்றை மட்டும் ஜம்பர் செய்தால் ரிலே ஃபால்ட் காட்டும், அதனால் நம் ஆட்கள் இரண்டையும் சேர்த்தே ஜம்பர் செய்துவிடுகிறார்கள். அப்புறம் காப்பாற்ற என்ன மிச்சம் இருக்கிறது?

பாதுகாப்பை நிறுத்தி வைக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. டை (பொருளுக்கு வடிவம் தரும் அச்சு) செட் செய்ய, ரோபோவுக்குப் பாதை சொல்லிக்கொடுக்க, சிக்கிய பொருளை மெதுவாக நகர்த்திப் பார்க்க, கதவு திறந்த நிலையில் மெஷின் அசைய வேண்டியிருக்கும். அதற்கென்றுதான் செட்டிங் மோட். சாவி போட்டுத் திருப்பியதும் ஆட்டோ மோட் முழுக்க செத்துவிட வேண்டும், வேகம் குறைய வேண்டும், பட்டனைப் பிடித்திருக்கும் வரை மட்டுமே மெஷின் நகர வேண்டும். ரோபோ என்றால் முனையின் வேகம் விநாடிக்கு 250 மில்லிமீட்டருக்குள், கையில் மூன்று நிலை ஸ்விட்ச்: நடுவில் பிடித்தால் ஓடும், விட்டாலும் நிற்கும், பயந்துபோய் இறுக்கி அழுத்தினாலும் நிற்கும். ஒரு பாதுகாப்பை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார வேண்டும் என்பதே இதிலுள்ள கணக்கு. இவ்வளவும் செய்து வைத்த மெஷினில் அந்தச் சாவியை நிரந்தரமாக ஸ்விட்சிலேயே தொங்க விட்டிருப்பார்கள் பாருங்கள், அதைப் பார்த்தால்தான் எரிச்சலாக வரும்.

லைட் கர்ட்டன் என்பது ஒளிக்கதிர்களால் ஆன வேலி, கதிர் மறைந்தால் மெஷினை நிறுத்தும்; பொருள் கடக்கும்போது மட்டும் அதைத் தானாகக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பது மியூட்டிங். இது செட்டிங் மோடைவிட நுணுக்கமானது, தவறும் அங்கேதான் அதிகம். பேலட் (சரக்கு ஏற்றும் பலகை) அடுக்கும் லைனை எடுத்துக்கொள்ளுங்கள். நிறைந்த பேலட் வெளியே வரும்போது கர்ட்டன் தானாகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், ஆள் உள்ளே போனால் மூடக் கூடாது. பேலட் வருகிறதா ஆள் வருகிறாரா என்று பிரித்துச் சொல்ல ஒரே ஒரு சென்சாரை வைப்பது முதல் தவறு, அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினால் கதை முடிந்தது. குறைந்தது இரண்டு வேண்டும், தனித்தனி வயரிங்கில். இரண்டின் கதிரும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு சிறிய நேர இடைவெளிக்குள் மறைய வேண்டும், வழக்கமான வரம்பு 4 விநாடி. ஒன்று மறைந்து மற்றது மறையவே இல்லையென்றால் மியூட்டிங் தொடங்கக் கூடாது. குறுக்காக வைக்கும் இரண்டு சென்சார்களின் கதிர்கள் வெட்டிக்கொள்ளும் புள்ளி, கர்ட்டனுக்கு அந்தப்பக்கம், அதாவது ஆபத்து இருக்கும் பக்கம் விழ வேண்டும். இந்தப்பக்கம் விழுந்தால் அந்தப் புள்ளியில் வந்து நிற்கும் ஆளின் உடம்பே இரண்டையும் மறைத்துவிடும், கர்ட்டனும் மரியாதையாக வழிவிடும்.

கன்வேயர் ஓடுகிறது என்ற சிக்னலையும் இதோடு சேர்க்காமல் விடுகிறார்கள். அப்படி விட்டால் பேலட் பாதி வழியில் நின்றுபோகும்போது கர்ட்டன் செத்தபடியே கிடக்கும், டைம் அவுட்டும் (நேர வரம்பு) இல்லையென்றால் மணிக்கணக்கில். பேலட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு இடம் இருக்கிறதா என்பதை டேப் வைத்து அளந்தே பாருங்கள். புதிதாகக் கொஞ்சம் சின்ன பேலட் வாங்கிய அன்று இந்தக் கணக்கு மாறிவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இன்னொரு குழப்பம்: கை உள்ளே போகிற ரிப்பேருக்கும் பைபாஸ் போடுவது. பெல்ட் மாற்ற, பிளேடு மாற்ற மெஷின் ஓட வேண்டிய தேவையே இல்லை. மெயினை ஆஃப் செய்து, உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பாக்கெட்டில் வைத்து, ஏர் பிரஷரை இறக்கிவிட்டு, தூக்கி நிற்கும் பாகத்துக்கு முட்டுக் கொடுத்து வேலை செய்ய வேண்டியதுதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்தாக வேண்டிய வேலைக்கு, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 22ஆவது பிரிவில் பதிவேட்டில் பெயர் உள்ள, அதற்கென்று பயிற்சி பெற்ற ஆளைத்தான், அதுவும் உடம்போடு ஒட்டிய உடுப்போடு கேட்டது. கையில் கிடைத்த ஹெல்பரை அனுப்புவது அந்தக் காலத்திலேயே தப்பு.

நிஜமாகவே பைபாஸ் போட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், யார் போட்டார், எதற்கு, எத்தனை மணி வரை, எடுக்கப்போவது யார் என்பதை எழுதி மெஷின் மேலேயே தொங்க விடுங்கள், ஷிஃப்ட் மாறும்போது வாயாலும் சொல்லுங்கள். எடுத்தபின் கதவைத் திறந்து மெஷின் நிற்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். லைட் கர்ட்டன் என்றால் டெஸ்ட் ராடை (கதிரை மறைத்துச் சோதிக்கும் தடி) மேலே, நடுவே, கீழே என்று விட்டுப் பாருங்கள்.

ஒரே மெஷினில் திரும்பத் திரும்ப பைபாஸ் விழுகிறதா? ஆபரேட்டரைத் திட்டுவதற்கு முன்னால் அவர் எதற்காகக் கதவைத் திறக்கிறார் என்று கேளுங்கள். சிஎன்சி மெஷின்களில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டுபவை) பாதி நேரம் காரணம் ரொம்ப அற்பமாக இருக்கும். வெட்டும் இடத்தைக் குளிர்விக்கப் பீச்சும் கூலன்ட் பட்டுப் பட்டு ஜன்னலின் பாலிகார்பனேட் வெள்ளை பூத்து, உள்ளே டூல் எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் போயிருக்கும். புதிய ஜன்னலும் உள்ளே ஒரு எல்இடி விளக்கும் ஆர்டர் போடுங்கள். அந்த ஜன்னலுக்கு ஆயுள் உண்டு, மங்கிப்போனால் பார்வை மட்டுமல்ல, தெறிக்கும் துண்டைத் தாங்கும் பலமும் குறைந்திருக்கும் என்பதால் எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.